காலடிக்குள் காலடி

சுந்தரவல்லி: ...அதுக்காக சோத்து மேல என்ன கோபம்? ரேஷன் அரிசிங்க. க்யூவில நின்னு இடிபட்டு வாங்கினது.

கருணாகரன்: கோபமில்லை வல்லி. பசிக்கலை.

சுந்தரவல்லி: விடியறதுக்குள்ள ஒரு டம்ளர் காபியோட கிளம்பினீங்க. அடையாறு முகத்துவாரம் வரைக்கும் நடை, மணல் திட்டுல நடை, மறுபடி மயிலாப்பூருக்கு நடை. பசிக்கலையாம்!

கருணாகரன்: நீயும்தானே நடந்தே. நீ சாப்பிட்டியா?

சுந்தரவல்லி: நான்... அப்புறம் சாப்பிடறேன்.

கருணாகரன்: பார்த்தியா.

சுந்தரவல்லி: என்னத்தைப் பார்த்தியா? இன்னைக்கு வந்தவங்க எல்லாம் ஆலாப் பறவை முட்டையைப் பார்க்கணும்னு எத்தனை நாளா துடிச்சாங்க. காட்டிட்டீங்க. கூட வந்த ராவ்பகதூரே உங்க முதுகைத் தட்டினார்ல?

கருணாகரன்: தட்டினார்.

சுந்தரவல்லி: "ட்ராயிங் மாஸ்டர் இல்லைன்னா இந்தப் பறவை பார்க்கற கூட்டமே இல்லை"ன்னார்ல?

கருணாகரன்: வல்லி, போதும்.

சுந்தரவல்லி: நல்லா இருக்கே! மத்த ஞாயித்துக்கிழமையில இதையே தெருவுக்குக் கேக்கற மாதிரி நீங்களே சொல்வீங்க. "ஆலா கூடு கட்டாது. வெறும் மணல்லயே முட்டை வைக்கும். முட்டையும் மணல் நிறம். அதனால வரிசையா வாங்க. நான் வெச்ச அடியிலதான் நீங்க அடி வைக்கணும். ஒரு விரல் தள்ளி வெச்சாலும்..."

கருணாகரன்: கிண்டல் பண்ற நேரமா இது?

சுந்தரவல்லி: வேற என்ன பண்ணச் சொல்றீங்க? வந்ததுலேர்ந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. கேட்டா ஒண்ணுமில்லைங்கறீங்க.

கருணாகரன்: ஒண்ணுமில்லைதான்.

வேலம்மா: யம்மா... யம்மோவ்! ட்ராயிங் வாத்தியாரு வூடு இதானே?

கருணாகரன்: யாரது?

சுந்தரவல்லி: ஐயையோ... வேலம்மாங்க. ஊரூர் குப்பத்து வேலம்மா. காலையில திட்டுல மட்டிச் சிப்பி பொறுக்கிக்கிட்டு இருந்தாளே...

கருணாகரன்: யாருன்னு எனக்குத் தெரியாதா? நான் வீட்ல இல்லைன்னு சொல்லு.

சுந்தரவல்லி: ஜன்னல்ல உங்க தலை தெரியுது.

வேலம்மா: நான் பாத்துட்டேம்மா, உள்ளதான் கீறாரு. வாத்தியாரே, இன்னும் கோவமா கீறியா?

கருணாகரன்: வா வேலம்மா. இவ்வளவு தூரம் ஏன்...

வேலம்மா: இன்னா தூரம்? கூடையத் தூக்கிக்கினு தெனம் நடக்குறதுதானே. இந்தா யம்மா, மட்டி. உசுரோட கீது. நல்லா கழுவி ரசம் வை.

சுந்தரவல்லி: எதுக்கு வேலம்மா இதெல்லாம்?

வேலம்மா: மன்னிப்பு கேக்க வர்றவ வெறுங்கையோட வர்லாமா?

கருணாகரன்: மன்னிப்பா? என்கிட்டயா?

வேலம்மா: பின்னே? அத்தினி பெரிய மன்சங்க முன்னாடி உன் மானம் பூடுச்சே. முட்டை நசுங்கிக் கெடக்கு. தாயி தலைக்கு மேல சுத்திச் சுத்திக் கத்துது. ராவ்பகதூரு "யார் வேலை இது?"ன்னு கேக்குறாரு. நீ என்னியக் கை காட்டினே. "இவங்க காலுக்குக் கண்ணு கெடையாது"ன்னே.

கருணாகரன்: அப்படியா சொன்னேன்...

வேலம்மா: சொன்னே வாத்தியாரே. நல்லா சத்தமாத்தான் சொன்னே.

சுந்தரவல்லி: வேலம்மா, முதல்ல உக்காரு. தண்ணி குடி.

வேலம்மா: வாணாம்மா. வாத்தியாரே, நெனவு தெரிஞ்ச நாள்லேர்ந்து அந்தத் திட்டுல நடக்குறேன். ஒரு முட்டைய மிதிச்சதில்ல. அப்டித்தான் நெனச்சுக்கினு இருந்தேன். ஆனா நீ சொன்னப்புறம்... இருட்டோட வந்தேனா, தலையில கூடையா... மிதிச்சிருப்பேனோ இன்னாவோ. இப்ப எனக்கே தெர்ல. சரி, ராவ்பகதூரு அங்க வேலி போடப் போறாராமே? குப்பத்துப் பொம்பளைங்க ஒருத்தி கூட திட்டுல கால் வெக்கக் கூடாதாமே. நெசமா?

கருணாகரன்: அது பேச்சுதான். கலெக்டருக்கு எழுதப் போறேன்னார்.

வேலம்மா: எழுதினா முடிஞ்சுது. கட்டுமரம் ஏறப் புருசன் இருக்குறவ எப்டியோ பொழைச்சுப்பா. எனக்கு யாரு கீறா? மட்டி வித்தாத்தான் சோறு. என்னோட போனாலும் பரவால்ல. "உன் ஒரு காலால எங்க எல்லார் வவுத்துலயும் மண்ணு"ன்னு குப்பமே காறித் துப்புது.

சுந்தரவல்லி: ஐயோ பாவமே...

வேலம்மா: நாளைக்குப் பஞ்சாயத்து. அம்மன் முன்னாடி சூடம் அணைக்கச் சொல்றாங்க. மிதிக்கலைன்னு சத்தியம் பண்ணிட்டேன்னா, ஆம்பளைங்கல்லாம் சேந்து ராவ்பகதூராண்ட போய் நாயம் கேப்பாங்களாம்.

சுந்தரவல்லி: அப்போ பண்ணிடேன் வேலம்மா.

வேலம்மா: எப்டிம்மா பண்றது? மிதிச்சிருந்தேன்னா? பொய் சத்தியமா பூடுமே! என் மவ வவுத்துப் புள்ளயோட கீறா. அம்மன் சும்மா வுடுமா? அதான் வந்தேன். வாத்தியாரே, ஒரே ஒரு வார்த்தை சொல்லு. நான் மிதிச்சத உன் கண்ணால பாத்தியா? பாத்தேன்னு சொன்னா, பஞ்சாயத்துல உழுந்து கும்பிட்டு ஒத்துக்கிறேன். படிச்சவரு, பொய் சொல்ல மாட்டாருன்னு சொல்லிட்டுத்தான் வந்து கீறேன்.

கருணாகரன்: வல்லி... கொஞ்சம் தண்ணி.

சுந்தரவல்லி: யாருக்கு?

கருணாகரன்: எனக்கு.

சுந்தரவல்லி: இந்தாங்க. குடிச்சுட்டுப் பதில் சொல்லுங்க. அவ நிக்கிறா பாருங்க.

கருணாகரன்: அது வந்து... கிட்டத்துல உன் கால் தடம் இருந்துது.

வேலம்மா: தடம் இருக்கும். அங்கதானே நடந்துக்கினு இருந்தேன். முட்டை மேல பாத்தியா?

கருணாகரன்: நேரமாயிடுச்சு வேலம்மா. நாளைக்குப் பேசலாம்...

வேலம்மா: நாளைக்குத்தான் சூடம்.

சுந்தரவல்லி: என்னங்க.

கருணாகரன்: நீ சும்மா இரு.

சுந்தரவல்லி: சும்மாதான் இருந்தேன், காலையிலேர்ந்து.

கருணாகரன்: என்ன சொல்றே?

சுந்தரவல்லி: நான் ஒண்ணும் சொல்லலை. அவ கேக்கறதுக்குச் சொல்லுங்க.

கருணாகரன்: ...பார்க்கலை.

வேலம்மா: இன்னா?

கருணாகரன்: பார்க்கலை வேலம்மா. நீ மிதிக்கலை. தைரியமா சூடத்தை அணை.

வேலம்மா: மிதிக்கலைன்னு உனக்கு எப்டித் தெரியும்? அப்ப யாரு மிதிச்சது?

கருணாகரன்: நான்.

வேலம்மா: நீயா!

கருணாகரன்: பைனாகுலரைக் கண்ணுல வெச்சுக்கிட்டு, "அதோ பாருங்க, மீனைக் கவ்விக்கிட்டுப் போகுது"ன்னு பீத்திக்கிட்டே காலை வெச்சேன். அடியில அப்பளம் நொறுங்கற மாதிரி நொறுங்குச்சு. நின்னு குனிஞ்சா பின்னாடி வர்ற அத்தனை பேருக்கும் தெரிஞ்சுடும். அப்படியே நடந்துட்டேன். ச்சீ! சொல்லவே நாக்கு கூசுது. திரும்பி வரும்போது டாக்டர் வீட்டம்மா பார்த்துட்டு "ஐயோ"ன்னு கத்தினாங்க. எல்லாரும் என் மூஞ்சியைப் பார்த்தாங்க. எதிர்ல நீ இருந்தே. கை தானா நீண்டுடுச்சு.

வேலம்மா: தானா நீளுமா வாத்தியாரே, கையி?

கருணாகரன்: இல்லை... நான்தான் நீட்டினேன்.

வேலம்மா: மஞ்சக்கரு ஏதாச்சும் ஒட்டிக்கினு கீதான்னு, பகல் பூரா என் காலை நானே தூக்கித் தூக்கிப் பாத்துக்கினு கெடந்தேன்யா.

கருணாகரன்: திட்டு வேலம்மா. என்ன வேணா திட்டு. வாங்கிக்கறேன்.

வேலம்மா: உன்னியத் திட்டி எனக்கு இன்னா ஆவப்போது? ...யம்மா, நீ ஏம்மா அழுவுறே? நீ இன்னா பண்ணே?

சுந்தரவல்லி: இவருக்கு அடுத்து நான்தானே வந்தேன் வேலம்மா. ஓடு நொறுங்கிக் கிடந்ததைக் கண்ணால பார்த்தேன். பார்த்துட்டு, அது மேலயே காலை வெச்சேன். தாண்டிப் போனா, ஏன் தாண்டறான்னு பின்னாடி வர்றவங்க குனிஞ்சு பார்ப்பாங்களே... இவர் மானம் போயிடுமே...

கருணாகரன்: வல்லி! உனக்குத் தெரியுமா? தெரிஞ்சா இவ்வளவு நேரம்...

சுந்தரவல்லி: முதுகைத் தட்டினார்ல, தட்டினார்லன்னு உங்களைக் குத்திக்கிட்டே இருந்தேனே, எதுக்குன்னு நினைச்சீங்க? நீங்களா வாயைத் திறப்பீங்களான்னுதான். எனக்குத் திறக்கத் துப்பில்லை.

வேலம்மா: நல்லா கீதும்மா உங்க குடித்தனம். சரி, ஆனது ஆச்சு. எழுந்திரு வாத்தியாரே. ராவ்பகதூரு வூட்டுக்குப் போலாம். எங்கிட்ட சொன்னத அவராண்ட அப்டியே சொல்லு.

கருணாகரன்: இப்பவேவா?

வேலம்மா: பின்னே எப்போ? வேலி போட்டப்புறமா?

கருணாகரன்: அவர் முகத்துல எப்படி முழிப்பேன்... சரி. வரேன். சட்டையை மாட்டிக்கிட்டு வரேன்.

வேலம்மா: பயப்படாதே. நெசம் தெரிஞ்சா எழுத மாட்டாரு. பாவம், நான்தான் மிதிச்சேன்னு நம்பிக்கினு கீறாரு அந்தப் பெரிய மன்சன்.

சுந்தரவல்லி: நம்பலை வேலம்மா. எனக்குப் பின்னாடி வந்தவரே அவர்தான். பூட்ஸ்ல ஒட்டினதைக் குனிஞ்சு கைக்குட்டையால துடைச்சார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, பேசாதேன்னு உதட்டுல விரலை வெச்சார். நானும்... சரின்னு தலையை ஆட்டிட்டேன்.