எட்டுக்கு எதிரே பத்தொன்பது

யோகலிங்கம்: பத்தொன்பதோ? பத்தொன்பது ஓட்டச் சராசரிக்கு ஒரு கிண்ணமோ, தம்பி? சிரிக்கப் போறாங்கள்.

ரதீசன்: வெறும் பத்தொன்பதைப் பார்க்காதேங்கோ அண்ணை. நீங்கள் விளையாடின தொண்ணூற்றெட்டில எங்கட கிரிக்கெட் லீக் முழுக்கச் சராசரி எவ்வளவு தெரியுமோ? எட்டு!

தவநாயகி: எட்டோ! அவையள் அடிக்க வந்தவையோ, வெயில் காய வந்தவையோ?

ரதீசன்: அப்ப லண்டன் பார்க்கில புல்லு முழங்கால் மட்டும், அக்கா. பெற்றோல் ஸ்டேஷனில இரவு ஷிப்ட் முடிச்சு, நித்திரை கொள்ளாமல் வந்து நிண்டவை. பந்து தெரிஞ்சதே பெரிய காரியம்.

யோகலிங்கம்: லதீசனுக்குக் குடும். அவன்ர சராசரி முப்பத்தெட்டெல்லே?

ரதீசன்: அது பத்து வருசத்துக்கு முந்தி. செயற்கைப் புல்லு, எல்லைக் கயிறும் கிட்ட. அந்த வருசம் லீக் சராசரியே முப்பது. அமெரிக்காவில பேஸ்போல் விளையாடின ஆதிகாலத்து ஆக்களை இப்பிடித்தான் நிறுக்கிறவை. அந்தந்த வருச லீக்குக்குப் பக்கத்தில வைச்சு. லதீசன் மற்றவையை விடக் கால்வாசி கூட. நீங்கள் ரெண்டு மடங்குக்கும் மேல!

தவநாயகி: லீக் செக்ரட்டரி ஆனாப்போல எங்கட மனுசனையும் பெரியாளாக்கிப் போட்டீர். நான் எறியிற வெங்காயத்தை ஏந்தத் தெரியாத ஆள்...

யோகலிங்கம்: நாயகி, சும்மா இரும்.

ரதீசன்: ஞாயிறு சட்டன் மைதானத்தில விழா. கிண்ணத்துக்கே உங்கட பேர்தான் அண்ணை. முதல் ஓவரை மட்டும் அடிச்சுக் காட்டினாச் சரி. சுஜீத் பந்து போடுவான்.

யோகலிங்கம்: அந்த நெட்டைப் பொடியனோ? எனக்கு முழங்கால் ஏலாது.

தவநாயகி: நேற்று லொறியால அரிசி மூட்டை இறக்கின முழங்கால்தானே?

யோகலிங்கம்: மூட்டை திருப்பி எறியிறேல்லை.

தவநாயகி: சரி சரி... வடை கருகுது, பார்த்திட்டு வாறன்.

யோகலிங்கம்: ...குசினிக்குள்ள போட்டாளோ?

ரதீசன்: போட்டா. ஏன் குசுகுசுக்கிறியள்?

யோகலிங்கம்: கிட்ட வாரும். அந்த ஓட்டம் ஒண்டும் என்ர இல்லை. கிறிஸ்துராஜா அடிச்சது.

ரதீசன்: என்ன!

யோகலிங்கம்: மெதுவா! அவன்ர விசா கேஸ் முடியேல்லை, பேரைக் குடுக்கப் பயந்தவன். எங்கட பள்ளிக்கூடமும் இல்லை. டீமில பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் மட்டும்தானே இறங்கலாம்? நான் பேரைக் குடுத்தன், அவன் அடிச்சான்.

ரதீசன்: நீங்கள் ஒருக்காலும் இறங்கேல்லையோ?

யோகலிங்கம்: ஒரே ஒரு நாள், அவனுக்குக் காய்ச்சல். முதல் பந்திலயே அவுட், முட்டை. அந்த முட்டையும் சேர்ந்துதான் உம்மட பத்தொன்பது.

ரதீசன்: அப்ப அவரின்ர சராசரி இன்னும் கூட! அவருக்கே குடுப்பம் அண்ணை. இப்ப செவன் கிங்ஸில சொந்த வீடு, பாஸ்போட்... அவருக்கு இனி என்ன பயம்?

யோகலிங்கம்: பயம் எனக்கு. லண்டனில நல்லா அடிக்கிற பொடியன் எண்டுதான் எனக்குக் கலியாணம் பேசினவை. டீம் படத்தைப் பார்த்துத்தான் அவ ஓமெண்டவ. இவ்வளவு காலம் பேக்காட்டி ஏமாத்தினவன் எண்டு தெரிஞ்சால்...

ரதீசன்: அப்ப என்ன செய்யிறது?

யோகலிங்கம்: ...அவனுக்கே குடும். அவன் வேர்த்து எடுத்ததை நான் மேடையில ஏறி வாங்கேலாது. இவவுக்கு இண்டைக்கே சொல்லுறன். வாறது வரட்டும்.

தவநாயகி: இந்தாங்கோ வடை. தம்பி, கிண்ணத்தில கிறிஸ்துராஜா அண்ணையின்ர பேரையே பொறிக்கச் சொல்லுங்கோ.

யோகலிங்கம்: கேட்டுக்கொண்டு நிண்டனீரோ!

தவநாயகி: கேட்டுத்தானோ தெரிய வேணும்? எனக்கு மூண்டு அண்ணன்மார், மூண்டும் கிரிக்கெட் விசர் பிடிச்சவை. நீங்கள் படத்தில துடுப்பை வீடு கூட்டுற தும்புத்தடி மாதிரிப் பிடிச்சிருந்தியள். வீடே சிரிச்சது.

யோகலிங்கம்: தெரிஞ்சுகொண்டோ ஓமெண்டனீர்?

தவநாயகி: மற்றக் கையில தேத்தண்ணிக் கேத்தில் இருந்ததே... முழு டீமுக்கும் நீங்கள்தான் ஊத்தினனீங்கள் எண்டு விளங்கிச்சு. சதம் அடிக்கிறவனை வைச்சு நான் என்ன செய்யிறது, எனக்கு இவர் போதும் எண்டு அண்டைக்கே முடிவெடுத்திட்டன்.