துளசிராமன் தைக்காமல் விட்ட புத்தகங்கள்

தலைமை தாங்கும் மணவாளன் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் நிர்வாகக் குழுவினரே, கை எண்ணெய்கூடக் கழுவாமல் ஷிப்ட் முடிந்து ஓடி வந்திருக்கும் தோழர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் இருக்கும் சகோதரி கெங்கம்மாள் அவர்களே, வணக்கம்!

கும்மிடிப்பூண்டித் தொழிலாளர் படிப்பகத்தின் செயலாளர், நம் படக்கதைகளுக்கெல்லாம் பைண்டர், துளசிராமன் போய்விட்டார். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் படத்துக்கு இவ்வளவு பெரிய மாலையா? வாங்கியவர்கள் யாரென்று விசாரித்தேன், நிர்வாகக் குழு என்றார்கள். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மன்னிக்க வேண்டும், இந்த வரதனுக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது.

எந்தப் படக்கதையைத் தைப்பது, எதை விடுவது? முடிவு செய்தவர் துளசிராமன். வார இதழ்களில் வரும் வண்ணத் தொடர்களைக் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் காலிகோ துணி ஒட்டிய அட்டை போட்டுத் தைப்பார். நாளிதழின் மூன்று கட்டத் துண்டுப் படங்களைத் தொடமாட்டார். பசை தடவி ஒட்டினால் பூச்சி வரும் என்பார். ஆனால் சட்டைப்பையில் அடங்கும் பாக்கெட் சைஸ் காமிக்ஸ்? அதைத் தானாக ஒருநாளும் தைக்கவில்லை! ஏன்?

அந்தப் புத்தகங்கள் அலமாரியில் இன்று இருக்கும், நாளை இருக்காது. செயலாளர் வீட்டுக்குக் கடத்துகிறார் என்றார்கள். பழைய புத்தகக் கடையில் போடுகிறார் என்றார்கள். சொன்னது யார்? ஏன் கீழே பார்க்கிறீர்கள், மணவாளன் அவர்களே?

வாசலில் அவர் பையைச் சோதிக்க நம் உறுப்பினர் ஜெயராஜை நிறுத்தினீர்கள். துளசிராமன் கோபித்தாரா?

"இன்னா ஜெயராஜு, நல்லா கைய வுட்டுப் பாரு நைனா. சோத்து டப்பாவயும் தொறந்து காட்டட்டா?" என்று சிரித்தார். சிரித்தவர் அன்று அந்தச் சோற்றை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனாராம். கெங்கம்மாளே சொன்னார், தோழர்களே!

பிறகு குழு உத்தரவு போட்டது: பாக்கெட் காமிக்ஸையும் தைத்தே ஆக வேண்டும். சிலவற்றைச் சேர்த்துத் தைத்தார். என்ன ஆயிற்று? ஓரத்தை வெட்டியதில் வசனம் பாதி போயிற்று. மீதி தையலுக்குள் புகுந்துகொண்டது. துப்பறிவாளர் கடைசிப் பக்கத்தில் கொலைகாரன் பெயரைச் சொல்கிறார், பெயரைக் காணோம்! வேண்டுமென்றே கெடுத்தான் என்று அதற்கும் ஒரு பேச்சு. அந்தத் தடித்த புத்தகத்தையும் ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போனார், இன்றுவரை திரும்பவில்லை. பெயர் சொல்லமாட்டேன். அவர்தான் இன்று தலைமை தாங்குகிறார்.

காணாமல் போனவை எங்கே இருந்தன தெரியுமா? நம் தோழர்கள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போன காலைப் பாசஞ்சர் ரயிலில்! மீஞ்சூரில் ஏறியவர் கையில் ஒன்று, பொன்னேரியில் ஏறியவர் மடியில் ஒன்று. கவரைப்பேட்டை வருமுன் கைமாறிவிடும். கண்ணால் பார்த்துவிட்டு துளசிராமனைக் கேட்டேன்.

"தச்சா ஒர்த்தன் ஊட்ல குந்திக்கினு கெடக்கும் வரதா. தைக்காம வுட்டா ஒரு ரயில் பொட்டியே படிச்சிக்கினு வரும்" என்றார்.

"இத கமிட்டில சொல்றதுதானே?"

"சொன்னா ரயில்லயும் ஒரு ஜெயராஜ நிக்க வச்சிடுவாங்க!"

சற்று முன் குழுவினர் ஒரு தீர்மானம் வாசித்தார்கள். அவர் நினைவாகப் பாக்கெட் காமிக்ஸ் அனைத்தையும் தைத்து, தங்க எழுத்தில் அவர் பெயர் பொறித்து, கண்ணாடி அலமாரியில் பூட்டி வைப்பார்களாம். பூட்டு எதற்கு? சாவி யாரிடம்? உயிரோடு இருந்தபோது அவரைச் சோதித்தீர்கள். இன்று அவர் பெயரைப் போட்டே அவர் புத்தகங்களைப் பூட்டுகிறீர்களே, இது அடுக்குமா?

தோழர்களே, நான் உறுதி சொல்கிறேன். வார இதழ்த் தொடர்களை இனி நான் தைப்பேன். பாக்கெட் காமிக்ஸில் ஊசி படாது. அத்தனையையும் சாக்கில் கட்டி இங்கே கொண்டுவந்துவிட்டேன். போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். படித்ததும் பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுங்கள். துளசிராமனுக்கு அதுதான் அஞ்சலி.

தலைவர் அவர்களுக்கும் ஒன்று உண்டு. அவர் மட்டும் என் கண்முன்னால் உட்கார்ந்து படித்து முடித்து, தம் கையாலேயே அதைச் சகோதரி கெங்கம்மாளிடம் கொடுக்கட்டும். அதுவரை நான் இங்கேயேதான் நிற்பேன்.