பாத்தியில் பதினைந்து பூ

ஹலோ... அப்பா? நெவெனா பேசறேன்... ஆமா, ஆமா, முதல் பஸ்ஸுலயே வந்துட்டேன். நீங்கதான் வீட்டுல இல்ல... டாக்டர்கிட்டயா? சரி, சரி. நான் தோட்டத்துல நின்னுதான் பேசறேன்.

திராட்சைக் கொடிய கவாத்து பண்ணிட்டிருக்கேன். பிப்ரவரியில, புனித ட்ரிஃபோன் திருநாளுக்கே முடிச்சிருக்கணும். இப்ப வெட்டின இடமெல்லாம் தண்ணியா ஒழுகுது... தெரியும்ப்பா, இடுப்பு வலி. பிளம் மரத்துக்கு சுண்ணாம்பு அடிக்காததும் இடுப்பு வலிதான். நானே அடிக்கறேன். வாளி எங்க?... ம்... ம்.

அப்பா, டாஃபோடில் பாத்தியப் பாத்தேன்... ஆமா, அம்மா நட்ட பதினஞ்சுமே பூத்திருக்கு. அக்டோபர்ல முக்காலி போட்டு உக்காந்து, மூச்சு வாங்க வாங்க கிழங்கு நட்டா. பூவ பாக்கத்தான் குடுத்து வெக்கல... இல்ல, அழல. கொஞ்சம் வெட்டியிருக்கே, நீங்களா?... ஓ, கல்லறைக்கு... காலையிலயே போய் வெச்சிட்டீங்களா. நல்லது. அதுக்காவது இடுப்பு குனிஞ்சுதே.

எத்தனை வெட்டினீங்க?... சும்மாதான் கேக்கறேன்... ஆறு. ம், செத்தவங்களுக்கு இரட்டைப்படையிலதான வெக்கணும். ஆனா இங்க ஏழு காம்பு வெட்டியிருக்கு... ஏழுப்பா. விரல் வெச்சு எண்ணினேன்... ஒண்ணு ஒடிஞ்சிடுச்சா? எங்க போட்டீங்க?... எருக்குழியில. இருங்க, பாக்கறேன்... இல்ல. உருளைக்கிழங்குத் தோல்தான் கெடக்கு.

அப்பா... முப்பது வருஷம் ரயில்ல டிக்கெட் எண்ணின ஆளு நீங்க. உங்களுக்கு எண்ணிக்கை தப்பாது. ஒத்தப்படையில குடுத்தா அது உயிரோட இருக்கறவங்களுக்கு. ஏழையும் யாருக்கு குடுத்தீங்க?

யாரு?... அம்மாவோட சிநேகிதி ரும்யானாவா... அம்மா செத்த நாப்பதாம் நாளுக்கு கோதுமை அவிச்சுக் கொண்டுவந்து, என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதாளே, அவளா... நான் கத்தல... பக்கத்து வீட்டுக்குக் கேட்டா கேக்கட்டும்.

தெரியும்... தெரியும்ப்பா. வீடு வெறிச்சுன்னு இருக்கறது எனக்குத் தெரியாதா? பின்ன சனிக்கிழமை தவறாம எதுக்கு வர்றேன்?... போங்க, யார் வீட்டுல வேணா உக்காந்து காபி குடிங்க. வேணாம்னு நான் சொன்னேனா? பூ வேணும்னா சந்தையில வாங்கிக் குடுங்க. அம்மா கையால நட்டதுதான் கெடைச்சுதா உங்களுக்கு? அதுக்கும் அம்மா பேரச் சொல்லியே ஒரு பொய்... அதான் வயிறு எரியுது... ம்... ம்... மன்னிப்பெல்லாம் எங்கிட்ட கேக்காதீங்க.

டாக்டர்கிட்டன்னு சொன்னீங்களே, அவ பக்கத்துல இருக்காளா?... இருக்காளா, இல்லையா?... சரி. பூ வெச்ச தண்ணிய தினம் மாத்தச் சொல்லுங்க, நாலு நாள் தாங்கும்.

இல்ல, நீங்க வரவேணாம். மத்தியானத்துக்குள்ள சுண்ணாம்பு அடிச்சு முடிச்சிடுவேன்... அடுத்த சனிக்கிழமையா? தெரியல... எதைத் தொடக்கூடாது? பாத்தியயா? அங்க தொட ஒண்ணும் இல்லப்பா. மிச்சம் எட்டு நின்னுச்சு, உங்ககூட பேசிட்டே வெட்டிட்டேன்... ஆமா, எட்டும். அம்மாகிட்ட எடுத்துட்டுப் போறேன். வெக்கறேன்.