மணிச்சத்து இல்லாத பச்சை

— அதையும் எழுதணுமாப்பா? கல்யாணப் பேச்சை முறிக்கிற கடுதாசியில யாரு எங்கன இருந்தான்னு எதுக்கு?

— எழுதுட்டி வனிதா. சாட்சி இல்லாம நான் கடுதாசி விட்டதில்ல. எழுதினதை வாசி.

— “கோவில்பட்டி, 13-6-1994. உடனிருந்தோர்: நாற்காலியில் காசிராஜன். அடுக்களை வாசலில் அவர் மனைவி கோமதியம்மாள். தரையில், இதை எழுதும் மகள் வனிதா. இறால் குஞ்சுப் பண்ணை வேணுகோபால் அவர்களுக்கு. தங்கள் மகன் ஹரி சென்ற வாரம் குளத்தூர் கடலோரம் உள்ள எங்கள் இறால் குளத்தைப் பார்வையிட்டு...”

— பார்வையிட்டான். பெரிய கலெக்டரு. கண்ணாடி டம்ளர்ல தண்ணியை மோந்து வெயில்ல பிடிச்சுப் பூச்சி தேடுதான். பொண்ணு கேட்டு வந்தவன் செய்யுத வேலையா அது?

— அந்தப் பொடிப் பூச்சியைத்தானங்க இறால் குஞ்சு திங்குது? ஒண்ணுகூட ஓடலைன்னு அந்தப் புள்ள சொல்லிச்சுல்லா.

— நீ சும்மா கெட கோமதி. தண்ணி பச்சைப் பசேல்னு நிக்கி. மூடை மூடையா யூரியா கரைச்சிருக்கேன். அவன் அப்பன் தந்த குஞ்சு சொத்தை, அதான் செத்துச்சு.

— யூரியாவோட வெறும் தழைச்சத்துல வந்த பச்சைப்பா அது. மணிச்சத்து இல்லாத பாசியைத் தின்னா பூச்சி பெருகாதாம். பூச்சி இல்லாம குஞ்சு பட்டினி. நம்ம பருத்திக்கு யூரியாவை மட்டும் கொட்டினா செடி ஆளுயரம் நிக்கும், காய் பிடிக்காதுன்னு நீங்கதான ஊருக்கெல்லாம் சொல்லுதீங்க?

— அது கரிசல், இது கடத்தண்ணி. ரெண்டையும் முடிச்சுப் போட வந்துட்டான் பூச்சி டாக்டரு. எழுது: “சொத்தைக் குஞ்சை விற்றுவிட்டு உரத்தைக் குறை சொல்லும் வீட்டில் பெண் கொடுப்பதற்கில்லை.”

— இதையும் என் கையாலேயே எழுதணுமாக்கும்.

— அவ முகத்தைப் பாருங்க. வெத்திலை பாக்கு மாத்தியாச்சுங்க.

— பாத்தாச்சு. ஒட்டு.

— ஒட்டிட்டேன்.

— தெரு முக்குத் தபால் பெட்டியில போடு. அப்படியே உரக்கடையில சூப்பர் பாஸ்பேட் ரெண்டு மூடை குளத்துக்கு அனுப்பச் சொல்லு. யாரு சொல்லி வாங்குதோம்னு மூச்சு விடாத.

— மணிச்சத்து உரமா? அப்ப அவிய சொன்னது சரிதானப்பா. இந்தக் கடுதாசி எதுக்கு?

— தபால் எடுக்க நேரமாச்சு, கெளம்பு. அவன் மட்டும் தப்பாச் சொல்லியிருந்தா பொண்ணைக் கொடுத்திருப்பேன்.