பேருந்தை நம்பியவர்

பேர்லின் நகரின் நொய்கெல்னில் பேருந்து புறப்பட்டதும், என் முன் இருக்கையில் இருந்த பெண் பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னார்: "என்ரை அண்ணை பஸ்ஸை நம்பி வோட்டுப் போட்டவர்."

"எந்த பஸ்ஸை?"

"லண்டன் பஸ்ஸை. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகினால் அங்கை கட்டுற காசு ஆஸ்பத்திரிக்கு வரும் எண்டு பஸ்ஸிலை எழுதி ஓட்டினவங்கள். ஜெர்மன் பாஸ்போர்ட்டைக் காட்டி லண்டனுக்குள்ளை போன மனுசன், அந்த நாட்டுப் பிரசையாகி, கதவைச் சாத்தச் சொல்லி வோட்டுப் போட்டார்."

"படிச்சவர் எல்லோ?"

"ஓம். இப்ப முழங்கால் ஒப்பரேசனுக்கு இரண்டு வருசமா வரிசையிலை நிக்கிறார். இஞ்சை பேர்லினிலை டொக்டரிட்டை டெர்மின், நாள் குறிச்சு எடுத்துத் தரட்டாம்."

"என்ன சொன்னனியள்?"

"எடுக்கிறன், அந்த பஸ்ஸிலையே ஏறி வாங்கோ எண்டனான்."