சந்தனம் வைத்த துப்பாக்கி

பூஜைக்குக் கூப்பிட்டால் நான் வெறுங்கையோடு போகிறவன் இல்லை. அன்றைக்கும் ஹில்கிராஃப்ட் இந்தியக் கடைத்தெருவில் இறங்கி மாதுளம்பழமும் மல்லிகைச் சரமும் வாங்கிக்கொண்டுதான் மயில்சாமி வீட்டுக்குப் போனேன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்கு நான் பகையாளி கிடையாது.

எனக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும், ஆபீசர். ஹூஸ்டனில் வருஷக்கணக்காக சாஃப்ட்வேர் வேலை பார்த்தவன். இருந்தாலும் மொழிபெயர்க்க ரக்ஷா அம்மாவை உட்காரவைக்கச் சொன்னேன். செய்தது தமிழில். அதைத் தமிழில் சொன்னால்தான் எனக்கு ஒழுங்காக வரும்.

மயில்சாமி பொள்ளாச்சிக்காரர். இங்கே கேஸ் ஸ்டேஷன் வைத்திருக்கிறார். ஒரு நாள் எவனோ கடைக்குள் புகுந்து, அவர் நெற்றியில் துப்பாக்கியை வைத்துக் கல்லாவைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாளே இவரும் ஒன்று வாங்கிவிட்டார். எனக்கு டிரைவிங் லைசென்ஸ் தர மூன்று தடவை அலையவிட்ட ஊர், அவருக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குள் துப்பாக்கியைக் கொடுத்து அனுப்பியது. வயிறு எரிந்தது எனக்கு. என் யூட்யூப் சேனலில் இதைப் பற்றிக் காரசாரமாகப் பேசியிருக்கிறேன். துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று இங்கிருக்கிற தமிழர்களில் என்னளவுக்குத் தொண்டை கிழியக் கத்தியவன் வேறு யாரும் இல்லை.

ஆயுத பூஜை என்றால் பிழைப்புக்கு உதவுகிற எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். மயில்சாமி லேப்டாப், கார் சாவி, அரிவாள்மணை, கடையின் கார்டு மெஷின் எல்லாவற்றையும் பரப்பி, நடுவில் துப்பாக்கியையும் வைத்திருந்தார். அதற்கும் சந்தனம், குங்குமம், ஒரு செவ்வந்திப் பூ. கற்பூரம் காட்டியது அவர் மகன் சேந்தன். காலேஜில் படிக்கிறவன், பத்தொன்பது வயது, வாய் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டான். புகை கண்ணில் பட்டு முகத்தைச் சுளித்தான். அந்த நேரம் பார்த்து நான் ஒரு படம் எடுத்தேன். என்னைப் போல இன்னும் சில பேரும் எடுத்தார்கள்.

“மகாண்ணா, யாரும் இத எங்கயும் போட்றாதீங்க. வெள்ளக்காரனுக்கு நம்ம பூசையெல்லாம் புரியாதுங்க,” என்றார் மயில்சாமி.

“அட, இதுகூடத் தெரியாதா எனக்கு,” என்றேன். சுண்டல் நன்றாக இருந்தது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பிப்ரவரியில் அந்த மால் சம்பவம். சனிக்கிழமைக் கூட்டத்துக்குள் ஒருவன் சுட்டுத் தள்ளிவிட்டான். சுட்டவன் யார் என்று போலீஸ் சொல்லவில்லை. இளைஞன், மாநிறம், தப்பியிருக்கலாம் என்று மட்டும் சொன்னார்கள். அமெரிக்க சேனல்களெல்லாம் ஒரே ஹெலிகாப்டர் காட்சியைத் திருப்பித் திருப்பி ஓட்டின. நானும் லைவில் உட்கார்ந்தேன். வேலை போனதிலிருந்து என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க ஆள் இல்லை. வீட்டில் என் மனைவி காமாக்ஷிகூடக் காதில் எதையாவது மாட்டிக்கொண்டுதான் சமைப்பாள். அன்றைக்கு ஆயிரக்கணக்கில் ஜனம் கேட்டது. அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை.

சென்னையிலிருந்து ஒரு டிவியும் லைனில் வந்தது.

“சார், தமிழ் கனெக்‌ஷன் ஏதாவது கெடைக்குமா? அஞ்சு நிமிஷத்துல ஆன் ஏர் போறோம்,” என்றாள் அந்த டெஸ்க் பெண்.

அவளைக் குறை சொல்லமாட்டேன். உலகத்தில் எங்கே விமானம் விழுந்தாலும் நம் ஆட்கள் முதலில் கேட்பது ‘அதில் தமிழர் யாராவது உண்டா’ என்றுதான்.

சேந்தன் சனி, ஞாயிறுகளில் அந்த மாலில் ஒரு ஷூ கடையில் வேலை பார்த்தான். அவன் அம்மா ஸ்வர்ணா எனக்குப் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தாள். இங்கே எது நடந்தாலும் நம் ஜனம் முதலில் என்னைத்தான் கூப்பிடும். ஹெலிகாப்டர் காட்சியை ஓடவிட்டுவிட்டுப் போனை எடுத்தேன்.

“அண்ணா, தம்பி போன எடுக்க மாட்டேங்கறானுங்க. அவங்கப்பா மாலுக்கே ஓடிட்டாருங்க. உங்களுக்கு எதாச்சும் நியூஸ் வந்துச்சுங்களா? எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடலீங்கண்ணா.”

“ஒரு நிமிஷம் இரும்மா, இன்னொரு கால் வருது,” என்றேன். திரும்பி வந்து, “பதறாத ஸ்வர்ணா. தெரிஞ்சதும் மொதல்ல உனக்குத்தான் சொல்வேன்,” என்றேன்.

பிறகு அந்தப் பூஜைப் படத்தைச் சென்னைக்கு அனுப்பினேன். கவனியுங்கள், மயில்சாமி போடாதே என்றார். நான் போடவில்லை, அனுப்பினேன். கூடவே ‘தமிழ் மாணவருக்குத் தொடர்பா?’ என்று எழுதினேன். கேள்விக்குறி இருக்கிறது. அவன்தான் என்று நான் சொல்லவில்லை, கேட்டேன். டிவிக்காரர்கள் கேள்விக்குறியை எடுத்துவிட்டுப் போட்டார்கள். அவர்கள் போட்டதை என் லைவில் காட்டி, ‘சென்னை டிவி இப்படிச் சொல்கிறது’ என்றேன். அதுவும் உண்மைதான். கொஞ்ச நேரத்தில் அதை யாரோ இங்கிலீஷில் பரப்பினார்கள். துப்பாக்கியில் இருந்த குங்குமத்தை ரத்தம் என்றார்கள். என் லைவின் கமெண்டில் எவனோ மயில்சாமியின் தெருப்பெயரையும் வீட்டு நம்பரையும் போட்டான். நான் பார்த்தேன். பேச்சு மும்முரத்தில் அழிக்கவில்லை.

மாலுக்குள் ஒளிந்திருந்தவர்களை உங்கள் ஆட்கள் கைகளைத் தூக்கச் சொல்லி வெளியே கொண்டுவந்தார்கள். சேந்தனும் அப்படித்தான் வந்தான். கூட்டத்தில் அவனுடைய அப்பா அவன் கண்ணில் படவில்லை. காரை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனான். வீட்டு முன்னால் ஒருவர் பிக்கப் டிரக்கில் காத்திருந்தார். நீங்கள் பிடித்துவைத்திருக்கிறீர்களே, அவர்தான். ஊரைக் காப்பாற்ற வந்தாராம். அவரும் சட்டப்படிதான் துப்பாக்கி வாங்கியிருக்கிறார். ஸ்வர்ணா கார் சத்தம் கேட்டு ஓடிவந்து கதவைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாலில் சுட்டவன் உள்ளேயே செத்துக் கிடந்தான் என்று இருட்டிய பிறகு சொன்னார்கள். அவன் வேறு யாரோ.

என் மேல் கேஸ் நிற்காது என்கிறார் வக்கீல். நீங்கள் என்னமோ ஸ்வர்ணாவோடு பேசும்போது வந்த அந்த இன்னொரு போன் காலைப் பற்றியே கேட்கிறீர்கள். சொல்கிறேன், அதில் என்ன இருக்கிறது. கூப்பிட்டது சேந்தன். கிசுகிசுவென்று பேசினான்.

“அங்கிள், ஐ ஆம் ஓகே. ஸ்டாக் ரூம்ல இருக்கோம். அம்மா லைன் பிஸியாவே இருக்கு. என் போன்ல சார்ஜ் இல்ல. ப்ளீஸ் டெல் ஹெர்.”

“சரி கண்ணா, சொல்றேன்,” என்றேன்.

அவள் லைன் பிஸியாக இருந்தது என்னோடு பேசிக்கொண்டிருந்ததால். ஆமாம், படத்தை அனுப்பியது அதற்கு அப்புறம்தான். அவளிடம் சொல்லியிருந்தால் சந்தோஷத்தில் ஹூஸ்டன் முழுக்கப் போன் போட்டிருப்பாள். தமிழ் கனெக்‌ஷன் என்று ஒன்று இருந்திருக்காது. பையன் பத்திரமாக இருக்கிறான் என்ற சேதி ஒரு மணி நேரத்தில் கெட்டுப்போகிற பண்டமா? காத்திருக்கும். அவன் நல்லபடியாக இருக்கிறான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்ததால்தான் தைரியமாக அனுப்பினேன். தெரியாமல் அனுப்பியிருந்தால் அதல்லவா பாவம்.

காரியத்துக்குப் போயிருந்தேன். ரோஜா மாலை கொண்டுபோனேன். மயில்சாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்வர்ணாதான் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கடசியா ஒரு போன்கூடப் பண்ணலியேண்ணா எம்பையன். அம்மாவ நெனைக்கவே இல்லியா அவன்?” என்று அழுதாள். எனக்கு மனசு ஆறவில்லை, ஆபீசர். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். சுற்றிலும் அத்தனை கூட்டம். நல்ல சேதியைச் சொல்ல ஒரு நேரம் பார்க்க வேண்டும், இல்லையா.