பூஜைக்கு அடித்த பெயிண்ட்

குன்றத்தூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு எலக்ட்ரீஷியன்கள்.

“ஆயுத பூஜையாலதான் புல்டோசர் நின்னுபோச்சி,” என்றார் மடியில் மீட்டர் வைத்திருந்தவர்.

“இன்னாபா சொல்ற?”

“பேட்டரி நல்லாத்தான் கீது. சாவி போட்டா சத்தமே இல்ல. மீட்டர் கம்பிய ஒண்ணு பேட்டரிலயும் ஒண்ணு வண்டி பாடிலயும் வெச்சேன். ஊசி அசையல. எர்த் வயர கழட்டினா அடியில புது பெயிண்ட். அப்புறம் கரண்ட் எப்டி போவும்?”

“யாரு அடிச்சது?”

“டிரைவர்தான். பூஜைக்குன்னு வயர கழட்டிட்டு ஒரு எடம் வுடாம அடிச்சிகீறான்.”

“அவன்கிட்ட சொன்னியா?”

“எப்டி சொல்றது? மொதலாளி பக்கத்துலயே நின்னுகினு, டிரைவர மாத்தணும்னு கத்தறாரு. துரு புடிச்சிகீதுன்னு சொல்லி சுரண்டினேன். மஞ்சளா பெயிண்ட்தான் உதுந்துது. டிரைவர் மெதுவா வந்து அதுமேல கால வெச்சி நின்னுகினான்.”